ஃபேன் ஷ்ரௌடுக்குள்ளிருந்து எண்ணெய் வழிகிறது: சீல் மாற்றியும் நிற்கவில்லை

வண்டு1600 கேட்டது:

1971 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார், 1600 சிசி இன்ஜின், டாக்ஹவுஸ் வகை ஆயில் கூலர் (ஃபேன் ஷ்ரௌட் என்ற காற்றுத் தகரக் கூட்டை ஒட்டிய தனிக் கூண்டில் இருப்பது). இடது பக்கம் 3, 4 சிலிண்டர்களுக்கு நடுவே தகரத்தின் அடியில் எண்ணெய் சொட்டுகிறது. ஹீட்டரைத் திறந்தால் உள்ளே எண்ணெய் கருகும் வாடை. கேஸ்கெட் செட்டில் வந்த சீல்களைப் போட்டுக் கூலரைக் கழற்றி மாட்டி இன்னும் 500 கிமீ ஆகவில்லை, மறுபடியும் அதே கதை. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஐந்து நிமிடத்தில்தான் அதிகம், சூடான பிறகு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கூலரையே மாற்ற வேண்டுமா? சீல் மேல் சிலிக்கான் பூசினால் தாங்குமா?

பத்தாம்நம்பர் ஸ்பேனர்:

சிலிக்கான் வேண்டவே வேண்டாம். பிதுங்கி உள்ளே போகும் துணுக்கு எண்ணெய் வழியில் நகர்ந்து பேரிங்குக்குப் போகிற துளையை அடைத்தால் கசிவைவிடப் பெரிய செலவு வைக்கும்.

கூலரைத் தொடும் முன் அது கூலர்தானா என்று உறுதி செய்யுங்கள். அதே மூலையில் எண்ணெய் விடக்கூடியவை இன்னும் மூன்று இருக்கின்றன. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் கேஸில் திருகியிருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச், புஷ்ராட் டியூப் (வால்வைத் தள்ளும் கம்பியின் குழாய்) சீல்கள், வால்வு கவர் கேஸ்கெட். சுவிட்சின் ஒயர் முனையைக் கழற்றிப் பாருங்கள். முனைக்குள் எண்ணெய் இருந்தால் சுவிட்சே உள்ளே விட்டுவிட்டது, இரண்டு நிமிட வேலை. புஷ்ராட் டியூபில் கசிவென்றால் டியூபின் அடிப்பக்கம் மட்டும் நனைந்திருக்கும், மேலே சிலிண்டர் ஃபின் (குளிர்விக்கும் தகட்டு வரிகள்) காய்ந்திருக்கும். 3-ஆம் சிலிண்டரின் மேல் ஃபின்களே நனைந்திருந்தால் சந்தேகம் கூலர் பக்கம். எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவி, ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். வெள்ளையில் முதலில் கறுக்கிற இடம்தான் குற்றவாளி.

வண்டு1600:

சுவிட்ச் முனை காய்ந்திருக்கிறது. 3-ஆம் சிலிண்டரின் மேல் ஃபின் முழுக்க ஈரம். கூலர்தான்.

காற்றுவழி:

குளிரில் அதிகம், சூட்டில் குறைவு என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. குளிர்ந்த எண்ணெய் கெட்டி, அழுத்தம் ஏறும். அப்போது ரிலீஃப் வால்வு திறந்து, எண்ணெய் கூலருக்குள் போகாமல் தாண்டிப் போக வேண்டும். வால்வின் பிளஞ்சர் (உள்ளே நகரும் சின்ன பிஸ்டன்) மூடிய நிலையில் சிக்கியிருந்தால் முழு அழுத்தமும் கூலர் மேல்தான். எத்தனை புதுச் சீல் போட்டாலும் பிதுக்கித் தள்ளும், ரொம்ப மோசமானால் கூலரையே உப்ப வைக்கும். கூலர் கசிந்தால் ரிலீஃப் வால்வையும் பார் என்பது இந்த இன்ஜினில் பழைய விதி. பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

எண்ணெயை வடித்துவிட்டு, கேஸின் அடியில் இடது பக்கம், புல்லி ஓரமாக இருக்கும் பெரிய வெட்டுத்தலைத் திருகைக் கழற்றுங்கள். வெட்டின் அகலத்துக்குச் சரியாக உட்காரும் டிரைவர் வேண்டும். சின்னதைப் போட்டால் தலை கிழியும், கேஸ் மெக்னீசியம் கலவை என்பதால் அடித்துத் திருப்பவும் முடியாது. திருகு வந்ததும் ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் தானாகவே கீழே விழ வேண்டும். ஸ்பிரிங் மட்டும் வந்து பிளஞ்சர் உள்ளேயே நின்றால் அதுதான் உங்கள் வியாதி. 10 மிமீ டேப்பை (மரை வெட்டும் கருவி) பிளஞ்சரின் வாய்க்குள் மெல்லத் திருகிப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். லேசான கீறல் என்றால் 1200 நம்பர் எமரி தாளில் எண்ணெய் விட்டு வழவழப்பாக்கலாம், ஆழமான கோடு என்றால் புதுசு. ஸ்பிரிங்கின் சுதந்திர நீளம் 62 முதல் 64 மிமீ. மாட்டும்போது ஸ்பிரிங் முனை துளையின் சுவரைச் சுரண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாஷர் புதுசாகப் போடுங்கள். உங்கள் கேஸில் ஃபிளைவீல் பக்கமும் இதேபோல் ஒரு வால்வு இருந்தால் அதையும் சுத்தம் செய்யுங்கள், ஆனால் இரண்டு ஸ்பிரிங்கும் மாறிவிடக் கூடாது.

பத்தாம்நம்பர் ஸ்பேனர்:

வால்வு விஷயம் சரி. ஆனால் 500 கிமீயில் போனதற்குத் தப்பான சீலும் காரணமாக இருக்கலாம். கேஸ்கெட் செட்டில் ஒரே மாதிரி தெரியும் சீல்கள் மூன்று ஜோடி இருக்கும். பழைய கேஸ்களில் எண்ணெய்த் துளை 8 மிமீ, 1970 மாடலை ஒட்டி 10 மிமீ ஆனது. அதனால் 8-க்கு ஒரு ஜோடி, 10-க்கு ஒரு ஜோடி, ஒரு பக்கம் 8 மறுபக்கம் 10 என்று இருப்பவர்களுக்கு ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுக்கமாகவும் ஒரு ஜோடி. மாடல் ஆண்டை நம்பாதீர்கள், 50 வயதான இன்ஜினில் கேஸ் எத்தனை முறை மாறியிருக்குமோ. டிரில் பிட்டின் அடித்தண்டைத் துளையில் விட்டுப் பார்த்தாலே 8-ஆ 10-ஆ என்று தெரிந்துவிடும்.

டாக்ஹவுஸில் சீல் நான்கு: கேஸுக்கும் அடாப்டருக்கும் (கூலரைத் தாங்கும் இடைத்துண்டு) நடுவே இரண்டு, அடாப்டருக்கும் கூலருக்கும் நடுவே இரண்டு. மேலே உள்ளதை மட்டும் மாற்றிவிட்டுக் கீழே உள்ளதை மறந்தவர்கள் நிறையப் பேர்.

வண்டு1600:

இன்று ஷ்ரௌடைத் தூக்கினேன். கேஸில் 10, அடாப்டரில் மேலும் கீழும் 10, கூலரிலும் 10. அடாப்டரின் அடியில் நான் போட்டிருந்தது ஒரு முனை ஒடுங்கிய ஜோடி! ஒன்றின் உதடு பிறை மாதிரி ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது. பிளஞ்சர் தானாக விழவில்லை, டேப் போட்டுத்தான் எடுத்தேன், மேலே பழுப்பாக அரக்கு மாதிரி படிவு. கூலரை எப்படிச் சோதிப்பது?

காற்றுவழி:

இரண்டு காரணமும் ஒன்றுசேர்ந்து வந்திருக்கின்றன. கூலரைப் பக்கவாட்டில் பிடித்துத் தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். நேராக இருந்தால் ஒரு துளையை ரப்பர் பிளக்கும் கிளாம்பும் போட்டு அடைத்து, மறுதுளையில் 6 பார் காற்று கொடுத்து வாளித் தண்ணீரில் முக்குங்கள். ஓரிரு நிமிடத்தில் ஒரு குமிழி வந்தாலும் கூலர் அவ்வளவுதான். பற்றவைத்து ஒப்பேற்ற நினைக்காதீர்கள். காற்று ஏற்றும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், பிளக் தெறித்தால் தோட்டாதான். இதே இன்ஜினில் முன்பு பேரிங் உடைந்திருந்தால் சோதனையில் தேறினாலும் அந்தக் கூலர் வேண்டாம், உள்ளே தங்கிய உலோகத் தூள் கழுவினாலும் முழுதாக வராது.

பத்தாம்நம்பர் ஸ்பேனர்:

மாட்டும்போது கவனிக்க வேண்டியது: முகங்களைப் பஞ்சில்லாத துணியால் துடைத்து, அடாப்டர் முகத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து வளைவு இருக்கிறதா பாருங்கள். சீலில் ஒரு விரல் எண்ணெய் போதும். கூலரைக் கையால் வைத்ததும் கால்களுக்கும் அடாப்டருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். எம்6 நட்டுகளை மாறி மாறி அரைச் சுற்றாக இறுக்க, உலோகம் உலோகத்தோடு உட்கார வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் சீல் ஒல்லி, இறுக்கியும் இடைவெளி மூடாவிட்டால் சீல் தப்பு அல்லது ஸ்பேசர் (இடைவெளி வைக்கும் வளையம்) குழப்பம். டார்க் (இறுக்கும் திருப்புவிசை) 7 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் கிடையாது. கசிந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்குவோம் என்று போனால் கேஸிலிருந்து ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) கையோடு வந்துவிடும்.

ஷ்ரௌட் மாட்டும் முன்பே சோதித்துவிடுங்கள். இன்ஜினை ஓட்டாமல், எண்ணெய் 2.5 லிட்டர் ஊற்றி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, காயிலின் ஒயரைப் பிரித்துவிட்டு ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றுங்கள். 10 விநாடி சுற்று, ஒரு நிமிடம் ஓய்வு. ஆயில் விளக்கு அணைந்ததும் நிறுத்திவிடக் கூடாது. அந்தச் சுவிட்ச் 0.15 முதல் 0.45 பாரிலேயே விளக்கை அணைத்துவிடும், சீலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அணைந்த பிறகு இன்னும் ஐந்தாறு முறை சுற்றி, டார்ச் அடித்து நான்கு சீல் ஓரத்தையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள்.

காற்றுவழி:

ஷ்ரௌட் வெளியே இருக்கும்போதே 3-ஆம் சிலிண்டர் ஃபின்களையும் கூலர் ஃபின்களையும் பிரஷ் போட்டுக் கழுவிவிடுங்கள். எண்ணெயோடு ஒட்டிய தூசி கம்பளி மாதிரி காற்றை அடைக்கும். கூலர் கூண்டின் ஓரத்து ஃபோம் பட்டை பொடிந்திருந்தால் புதிது ஒட்டுங்கள், இல்லாவிட்டால் காற்று கூலருக்குள் போகாமல் பக்கத்தில் நழுவிவிடும். ஷ்ரௌடை இறக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் குழாய் மடங்காமல் பாருங்கள், வலப்பக்கத் தெர்மோஸ்டாட் கம்பியை மறக்காமல் இணையுங்கள்.

வண்டு1600:

கூலர் 6 பாரில் குமிழி இல்லை. 10 மிமீ சீல் நான்கு, புதுப் பிளஞ்சர் போட்டாயிற்று. ஸ்டார்ட்டரில் எட்டு முறை சுற்றினேன், டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது. நாளை ஷ்ரௌடை இறக்குகிறேன்.