பூனைக்குட்டிக்குக் காய்ச்சல்: நீங்கள் எப்போது கண்டுபிடித்தீர்கள்?

சாம்பல்வால்:
ஏழு வாரக் குட்டி. காலையில் திரைச்சீலையில் தொங்கிக்கொண்டிருந்தது, மாலையில் அலமாரிக்கு அடியில் ஒடுங்கிவிட்டது. மூக்கு ஈரமாக இருந்ததால் காய்ச்சல் இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். இன்னும் அறுப்பது அந்தக் கண்தான். உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு, பூனையின் மூன்றாம் இமை, ஏறிப் பாதிக் கண்ணை மூடியிருந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துப் போர்வையைப் போர்த்திவிட்டு நானும் படுத்துவிட்டேன். மறுநாள் மருத்துவரிடம் பார்த்தால் 104.6 பாரன்ஹீட். பிழைத்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் போர்வை!

இருட்டுமீசை:
மூக்கின் ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை, இதை எத்தனை முறை சொல்வது? என் வீட்டில் நடந்தது இன்னும் மோசம். பெரியவர் ஒருவர் பாவம் பார்த்துப் பாரசிட்டமால் கால் மாத்திரையைக் கரைத்துப் புகட்டிவிட்டார். சில மணி நேரத்தில் ஈறு சேற்று நிறமாகிவிட்டது, முகம் வீங்கிவிட்டது. அந்த மருந்தை முறிக்கப் பூனையின் ஈரலுக்குத் திறன் போதாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. முறிமருந்து நேரத்துக்குக் கிடைத்ததால் குட்டி தப்பியது. பெரியவர் இன்றுவரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மடிச்சூடு:
போர்வையை ஏன் திட்டுகிறீர்கள்? என்னிடம் வந்த இரண்டு வாரக் குட்டியைச் 'சுடுகிறது' என்று ஈரத்துணியால் துடைத்தே 94-க்கு இறக்கியிருந்தார்கள். பூனையின் உடம்பு நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைக் குட்டிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முனையில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு சென்டிமீட்டர் போதும், வால் பக்கம் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த பூனைக்கு 100.4 முதல் 102.5 வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள், 104 என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறந்த சில வாரங்களுக்கு இயல்பே இதைவிடக் குறைவு. குளிர்ந்துபோன குட்டிக்கு முதலில் மெல்லச் சூடேற்ற வேண்டும், பால் அப்புறம்தான். எடையைத் தினமும் குறித்து வையுங்கள். காய்ச்சலைக் குறைக்கப் பனிக்கட்டி வேண்டாம். இன்னொன்று, வெப்பமானி வாங்கும்போது முனை வளையக்கூடியதாக…

சாம்பல்வால்:
ஏழு வாரம் என்றுதானே எழுதியிருக்கிறேன்? வெப்பமானி வாங்குவதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அந்தச் சவ்வைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தவர் வேறு யாராவது உண்டா?

பின்கட்டு:
நான் இருந்தேன். இரண்டு நாள். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊசியின் அசதி என்றே சொல்லிக்கொண்டேன். இரத்த வெள்ளணுக்களைக் கொல்லும் பான்லூகோபீனியா என்ற வைரஸ் தொற்று என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே ஊசியில் முழுப் பாதுகாப்பு வந்துவிடாதாம். குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தது. தாடை கிண்ணத்தின் விளிம்பில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தாகம் தீர்ந்துவிட்டது போலும் என்று கிண்ணத்தை எடுத்து வைத்தேன்.