புரொஜெக்டர்: எந்த லென்ஸ்? காட்சி ஏன் வெட்டுகிறது?

கேள்வி: திரை அகலம் 3 மீட்டர், புரொஜெக்டர் 6 மீட்டர் தள்ளி. எந்த லென்ஸ் வாங்கலாம்? அப்புறம், படத்தில் கேமரா மெல்லத் திரும்பினால் காட்சி வெட்டி வெட்டி நகர்கிறது. லென்ஸ் கோளாறா?

பதில்: இல்லை, லென்ஸை விடுங்கள். படம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படம். பிளேயர் அதை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) அனுப்பினால் ஒரு பிரேம் 3 முறை, அடுத்தது 2 முறை என்று மாறி மாறி வரும். அந்தச் சமமின்மைதான் கண்ணை உறுத்துகிறது. புரொஜெக்டர் ஏற்றால் பிளேயரை 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

இன்னொரு பதில்: தூரத்தை அகலத்தால் வகுத்தால் த்ரோ ரேஷியோ 2. அது நடுவில் விழும் ஜூம் லென்ஸ், 1.7–2.4 மாதிரி, பாருங்கள். ஜூமின் நீள முனையில் (2.4 பக்கம்) வெளிச்சம் குறையும். கீஸ்டோனை (கோணலாக விழும் படத்தை டிஜிட்டலாக நேராக்கும் வசதி) மட்டும் தொடாதீர்கள், பிக்சல் வீணாகும். லென்ஸ் ஷிஃப்ட் (லென்ஸையே நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் வசதி) இருப்பதையே வாங்குங்கள்.

கேட்டவர்: 24-க்கு மாற்றினேன், வெட்டு போய்விட்டது! ஆனால் வேகமாகத் திரும்பும் காட்சியில் லேசாக இருக்கிறதே?

பதில்: அது 24 பிரேமின் இயல்பு. விட்டுவிடுங்கள்.