கூட்டுப் பட்டாவுக்கு சொட்டுநீர் மானியம் கிடைக்குமா?

பாலக்கோடு பக்கம் 3 ஏக்கர், தக்காளி போடுகிறோம். பட்டா அப்பா, சித்தப்பா ரெண்டு பேர் பேரிலும் இருக்கிறது, சித்தப்பா ஓசூரிலேயே தங்கிவிட்டார். 100 சதவீத மானியம் என்கிறார்கள், ஆனால் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டு கையிலிருந்து கொஞ்சம் போடணும் என்கிறார். எது உண்மை?

காரிமங்கலத்தான்: ரெண்டும்தான். 5 ஏக்கருக்குள் இருந்தால் சிறு, குறு விவசாயி, 100 சதவீதம். மேலே போனால் 75. ஆனால் இவ்வளவுதான் செலவு என்று அரசு கணக்கு வைத்திருக்கும் அலகுத் தொகைக்குத்தான் அந்த 100, குழாயை நெருக்கிப் போட்டு செலவு அதைத் தாண்டினால் மிச்சம் நம்ம தலையில். எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்க. பணமும் உங்கள் கணக்குக்கு வராது, போட்டு முடித்து அதிகாரி பார்த்த பிறகு கம்பெனிக்குப் போகும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், தாசில்தார் கொடுக்கும் சிறு விவசாயி சான்று எல்லாம் எடுத்து வையுங்க.

மாந்தோப்பு: எங்களுடையதும் கூட்டுப் பட்டாதான் தம்பி. பங்காளி சம்மதக் கடிதம் கொண்டு வா என்று ஆறு தடவை அலையவிட்டார்கள், கடைசியில் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கினோம். சித்தப்பா பொங்கலுக்கு வரும்போதே பேசி முடித்துவிடு.

காரிமங்கலத்தான்: இன்னொன்று, ஒருமுறை வாங்கினால் அதே நிலத்துக்கு 7 வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். அதுவரை எலி, அணில் கடித்தால் உங்கள் செலவுதான். எனக்கு ரெண்டாம் வருஷமே பாதி போச்சு.

கேட்டவர்: சரிங்கண்ணா, முதலில் சித்தப்பாவுக்குப் போன் போடுகிறேன்.