லாகின் திரையில் பாஸ்வேர்டு ஏற்கவில்லை: தமிழ்99 சிக்கல்

வியாசர்பாடி விசை: டியூஷன் சென்டரில் ஆறு பழைய கம்ப்யூட்டர். டெபியன் லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், லாகின் திரைக்கு லைட்டிஎம். தமிழ்99 கீபோர்டு அமைப்பைச் சேர்த்ததிலிருந்து சரியான பாஸ்வேர்டையே தப்பு என்கிறது. ஏன்?

காசிமேடு கர்னல்: லேஅவுட் (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) வரிசை மாறி, தமிழ் முதலில் வந்திருக்கும். பெட்டியில் வெறும் புள்ளி தெரிவதால் தமிழ் விழுவது கண்ணில் படாது. எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழையும் வழி) இருந்தால் அதில் நுழைந்து, ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கீபோர்டு என்ற கோப்பைத் திறங்க. எக்ஸ்கேபிலேஅவுட் வரியில் யுஎஸ் (ஆங்கிலம்) முதலில், காற்புள்ளி, பிறகு ஐஎன் (இந்திய லேஅவுட்). எக்ஸ்கேபிவேரியன்ட் வரி காற்புள்ளியில்தான் தொடங்கணும், அடுத்து தமிழ்நெட் வேரியன்ட் (ஐஎன்னின் உட்பிரிவு, அதுதான் தமிழ்99). அந்தக் காற்புள்ளியை விட்டால் வேரியன்ட் ஆங்கில லேஅவுட்டில் போய் ஒட்டும். அங்கே அப்படி ஒன்று கிடையாது, கீமேப்பே (விசை-எழுத்து அட்டவணை) உருவாகாது. பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். இரண்டு லேஅவுட்டுக்கும் இடையே மாற்ற, எக்ஸ்கேபிஆப்ஷன்ஸ் வரியில் ஆல்ட்-ஷிஃப்ட் ஆப்ஷன். சேமித்து ரீபூட்.

வியாசர்பாடி விசை: வேலை செய்யுதுண்ணா. எந்த லேஅவுட் ஓடுதுன்னு திரையில் காட்ட முடியுமா?

ராயபுரம் ரூட்: லைட்டிஎம்மின் லாகின் திரையைக் காட்டும் ஜிடிகே கிரீட்டரின் கான்ஃபிக் கோப்பில் இண்டிகேட்டர்ஸ் வரியில் டில்டே (~) குறியோடு லேஅவுட் சேருங்க, அரைப்புள்ளியால் பிரித்து. ஐபஸ் ஃபோனெடிக் (ஒலிப்படி தமிழ் தட்டும் முறை) லாகினுக்குப் பிறகுதான் ஓடும், அதை இங்கே தேடாதீங்க. பாஸ்வேர்டில் எண் இருந்தால் நம்லாக்கையும் ஒருமுறை பாருங்க.