யெகூ விட்டுவைத்த கன்றுக்குட்டிகள்: வேதபாடத்துக்கு உதவி தேவை

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எங்கள் வாலிபர் கூட்டத்தில் 2 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரத்தை எடுக்கப் போகிறேன்.

இஸ்ரவேலின் ராஜாவான யெகூ, பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் கோவிலை இடித்து, அதை மலஜலம் கழிக்கும் இடமாகவே ஆக்கினான். அவ்வளவு வைராக்கியம்! ஆனால் பெத்தேல், தாண் என்ற ஊர்களில் ஜனங்கள் வணங்கிவந்த பொன் கன்றுக்குட்டிகளைத் தொடவில்லை. அவன் முழு இருதயத்தோடு நடக்கவில்லை என்கிறது 31-ஆம் வசனம். ஜனங்கள் ஆராதிக்க யூதாவின் தலைநகரான எருசலேமுக்குப் போனால் ராஜ்யம் கைவிட்டுப் போகும் என்று பயந்துதான், யெகூவுக்கு முன்பு இஸ்ரவேலை ஆண்ட யெரொபெயாம் அவற்றைச் செய்தான் (1 இராஜாக்கள் 12). யெகூவுக்கும் அதே பயம் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

விக்கிரகம் என்றதும் எங்கள் பிள்ளைகள் பக்கத்து வீட்டுச் சாமியைத்தான் நினைக்கிறார்கள். பேச்சு அந்தப் பக்கம் போகவே கூடாது. கொலோசெயர் 3:5 பொருளாசையையே விக்கிரகாராதனை என்கிறது. வரதட்சணையும் சாதிப் பெருமையும் சபைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றனவே!

இந்தப் பகுதியை வாலிபர்களோடு யாராவது படித்திருக்கிறீர்களா? அவர்கள் மனம் திறந்து பேச என்ன கேள்விகள் கேட்டீர்கள்? அப்புறம், சாதியைப் பற்றிப் பேசியதும் பெற்றோர் கோபப்பட்டால் எப்படிச் சமாளித்தீர்கள்? கூட்டம் வரும் ஞாயிறு மாலை. அதற்குள் எழுதினால் பெரிய உதவி.