ஜாவா க்ரூசர் மாடல்: பத்து பீரங்கியையும் எங்கே வைப்பது?

சாட்ஸ்வொர்த்_மாடல்காரன் (கேள்வி):

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். டச்சுக் கடற்படையின் 'ஜாவா' க்ரூசரை (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) 1/700 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். பாகங்களை ஓர் இணையக் கடையில் வாங்கினேன், பெயர் வேண்டாம். உடல் சரியாக இருக்கிறது, 22 சென்டிமீட்டர் சொச்சம். ஆனால் டப்பாவில் பீரங்கி எட்டுதான். கூடவே டார்பிடோ (தண்ணீருக்குள் பாய்ந்து வெடிக்கும் குண்டு) விடும் குழாய் இரண்டு செட். பழைய போட்டோக்களைப் பார்த்து எண்ணினால் எனக்குப் பத்து பீரங்கி வருகிறது, டார்பிடோ எதுவும் கண்ணில் படவில்லை. நான் எண்ணியது தப்பா, கடைக்காரர் கொடுத்தது தப்பா? இன்னொன்று: 1925-இல் பணிக்கு வந்த கப்பல் ஏன் முதல் உலகப் போர்க் கப்பல் மாதிரி இருக்கிறது?

தூத்துக்குடி_ஃபிட்டர்:

தம்பி, உங்கள் எண்ணிக்கைதான் சரி. அந்த டார்பிடோ குழாய்களை எடுத்துக் குப்பையில் போடுங்கள். ஜாவாவிலும் அதன் ஜோடிக் கப்பல் சுமத்ராவிலும் டார்பிடோவே கிடையாது.

15 செ.மீ. போஃபர்ஸ் பீரங்கி பத்து. ஒவ்வொன்றும் தனித்தனியாக, முன்னால் ஒரு கேடயத்தோடு நிற்கும். முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு, இடுப்பில் பக்கத்துக்கு மூன்று. இப்போது எதிரி வலது பக்கம் வருகிறான் என்று வையுங்கள். இடது பக்கத்து மூன்றும் சும்மா நிற்கும். பத்தைச் சுமந்துகொண்டு போய் ஏழால் சுடுகிற கப்பல் இது. 1936-இல் வந்த இன்னொரு டச்சு க்ரூசர் டி ராய்ட்டரில் மொத்தமே ஏழுதான், ஆனால் எல்லாம் கப்பலின் நீளவாக்கு நடுக்கோட்டில். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஏழும் சுடும். மூன்று பீரங்கி குறைவு, அடி அதே அடி!

நான் இங்கே டர்பன் டிரை டாக்கில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கப்பலில் ஓரத்தில் ஏற்றுகிற ஒவ்வொரு டன்னும் தலைவலி என்பது கையால் தெரியும். ஜாவாவில் ஒவ்வொரு பீரங்கிக்கும் தனி ஆட்கள் வேண்டும், ஏறக்குறைய 45 கிலோ குண்டை ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்புறம், கேடயம் என்பது முன்பக்கம் மறைக்கிற தகடு. பின்னால் திறந்த வெளி.

ஏன் பழசாகத் தெரிகிறது என்று கேட்டீர்கள். பழசுதான். நெதர்லாந்தின் ஃபிளஷிங் நகரத்து டி ஷெல்டே கப்பல் கட்டும் தளத்தில் 1916 மே மாதம் அடித்தளம் போட்டார்கள். வரைபடத்தில் ஜெர்மன் ஆயுதக் கம்பெனி குருப்பின் கையும் உண்டு. அந்தக் காலத்து ஜெர்மன் க்ரூசர்களும் இப்படித்தான் ஓரத்தில் ஒற்றைப் பீரங்கிகளை நிறுத்தின. டச்சு கிழக்கிந்தியத் தீவுகளை (இன்றைய இந்தோனேசியா) காக்கவென்று போட்ட திட்டம். அன்றைக்கு அது பெரிய கப்பல்தான்: 155 மீட்டர் நீளம், மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் வேகம். நெதர்லாந்து போரில் சேரவில்லை, ஆனாலும் போரால் சாமான் கிடைக்கவில்லை. 1921-இல்தான் தண்ணீரில் இறங்கியது. சுமத்ரா 1926-இல் பணிக்கு வந்தது. செலிபஸ் என்ற மூன்றாவதை ரத்து செய்துவிட்டார்கள். பெண் பார்த்த வருஷம் தைத்த சட்டையைப் பத்து வருஷம் கழித்துக் கல்யாணத்துக்குப் போட்ட கதை.

பிரிட்டோரியா_குமார்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. விமான எதிர்ப்பு ஆயுதங்களை 1930களில் மாற்றினார்கள். எந்த ஆண்டுத் தோற்றத்தைச் செய்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். 1925 மாடலில், பிறகு வந்த 40 மி.மீ. போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கியை ஒட்டிவிட்டால் பார்க்கிறவன் சிரிப்பான்.

சுமத்ரா செய்தால் வேறு கதை. 1940-இல் டச்சு இளவரசி யூலியானாவைக் கனடாவுக்கு ஏற்றிப்போனது அந்தக் கப்பல்தான். 1944 ஜூனில் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில், வீஸ்ட்ரெஹாம் பக்கம் வேண்டுமென்றே மூழ்கடித்து அலைதடுப்பாக ஆக்கினார்கள். அதன் பீரங்கிகளைக் கழற்றி ஃப்ளோரஸ், சும்பா என்ற சிறிய பீரங்கிப் படகுகளுக்குக் கொடுத்தார்கள்.

சாட்ஸ்வொர்த்_மாடல்காரன்:

1942 தோற்றம்தான் செய்கிறேன், கடைசிச் சண்டையில் இருந்தபடி. அண்ணாச்சி, அது மூழ்கியது எப்படி?

தூத்துக்குடி_ஃபிட்டர்:

1942 பிப்ரவரி 27 ராத்திரி, ஜாவாக் கடல். டச்சு அட்மிரல் டோர்மன் தலைமையில் டி ராய்ட்டர் முன்னால், ஜாவா கடைசியில். ஜப்பானிய நாச்சி க்ரூசர் விட்ட டார்பிடோ பின்பக்க வெடிமருந்து அறைப் பக்கம் பட்டு, வாலே பிய்ந்து போனது. கால் மணி நேரம் போலத்தான், முடிந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் போனார்கள். இன்னொரு ஜப்பானிய க்ரூசர் ஹகுரோவின் டார்பிடோ டி ராய்ட்டரையும் விடவில்லை. டார்பிடோ இல்லாத கப்பலை டார்பிடோ கொன்றது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

2002-இல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். 2016-இல் திரும்பப் போய்ப் பார்த்தால் ஜாவாவும் இல்லை, டி ராய்ட்டரும் இல்லை. மணலில் கப்பல் கிடந்த பள்ளம் மட்டும். திருட்டுத்தனமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். மூன்று புரொப்பல்லர், டன் கணக்கில் எஃகு. காயலான் கடை விலை எனக்குத் தெரியும், ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. ஆனால் உள்ளே இருந்தது ஐந்நூறு பேர் சமாதி.

சரி, பின்பக்கப் பீரங்கிகளுக்குக் கேடயம் ஒட்டும்போது திறந்த பக்கம் கப்பலின் நடுவைப் பார்த்து இருக்கட்டும். பலரும் மாற்றி ஒட்டுவார்கள்.

சாட்ஸ்வொர்த்_மாடல்காரன்:

குறைந்த இரண்டு பீரங்கியை பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டிவிட்டேன், அண்ணாச்சி. வலது பக்க மூன்றும் ஒட்டியாச்சு. இடது பக்கம் இரண்டுதான். மூன்றாவது இடுக்கியிலிருந்து தெறித்துவிட்டது, கார்ப்பெட்டில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.