ஆறு ஓட்டும் ஒரு ரகசியமும்

குழு: பாளை வீட்டுக் கூட்டம்
5 நவம்பர் 2024

10:26 தேவி அக்கா (நாஷுவா): பெரியப்பா, டிவியைப் போடுங்கள். இன்னும் நான்கு நிமிடத்தில் இங்கே அமெரிக்க அதிபர் தேர்தலின் முதல் ஓட்டு விழப்போகிறது.

10:27 பெரியப்பா: அங்கே நடுராத்திரி அல்லவா? பேய் உலவும் நேரத்தில் சாவடியை யார் திறப்பார்கள்?

10:28 தேவி அக்கா: டிக்ஸ்வில் நாட்ச் என்று ஓர் ஊர். எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடக்குக் கோடி, கனடா எல்லைப் பக்கம். மொத்த வாக்காளர் ஆறு பேர்.

10:28 சித்தி: ஆறா, அறுநூறா?

10:29 தேவி அக்கா: ஆறுதான் அம்மா. 1960லிருந்து இப்படி நடக்கிறது. அப்போது ஒன்பது ஓட்டு. ஒன்பதும் நிக்சனுக்கு. ஜெயித்தது கென்னடி 😄

10:30 நான்: நல்ல சகுனம்! பல்லி விழும் பலனே பரவாயில்லை போலிருக்கிறது.

10:31 பெரியப்பா: ஆறு பேரும் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். அப்புறம் மாலை வரைக்கும் அலுவலர்கள் கொட்டாவி விட வேண்டியதுதானா?

10:32 தேவி அக்கா: இல்லை. பட்டியலில் உள்ள எல்லோரும் போட்டுவிட்டால் உடனே மூடி எண்ணிவிடலாம். சின்ன ஊர்களுக்கு இந்த மாநிலச் சட்டத்தில் அந்த வசதி இருக்கிறது. அந்த ஊரில் இருந்த பெரிய ஹோட்டலின் முதலாளி நீல் டில்லட்சன்தான் இந்த நடுராத்திரி ஓட்டை ஆரம்பித்து வைத்தவர். 2001இல் இறந்தார், 102 வயது. முதல் ஓட்டு எப்போதும் அவருடையதுதான்.

10:33 பெரியப்பா: மாதிரி வாக்குப்பதிவு நடத்தினார்களா? ஏஜெண்டுகள் யார்? மை வைப்பார்களா?

10:33 பெரியம்மா: ஆரம்பித்துவிட்டார். ரிட்டயர் ஆகியும் பூத்தை விட்டு இறங்கவில்லை.

10:35 தேவி அக்கா: மை கிடையாது பெரியப்பா. ஆறு பேர் முகமும் ஆறு பேருக்கும் தெரியும். 2019இல் ஊரில் நான்கு பேர்தான் மிச்சம். தேர்தல் பொறுப்புகளுக்கே ஐந்து பேர் வேண்டுமாம், வழக்கமே நின்றுபோகும் நிலை. ஒருவர் குடிவந்த பிறகுதான் பிழைத்தது.

10:36 நான்: அமெரிக்கா முழுவதும் 2020இல் ஓட்டுப் போட்டது மூன்றில் இரண்டு பங்குப் பேர். அதையே நூறாண்டுக்கு மேல் காணாத கூட்டம் என்றார்கள். இங்கே ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு நூறு!

10:38 பெரியப்பா: நூற்றுக்கு நூறு வந்தால்தான் எனக்குப் பயமே. ஆறும் ஒரே ஆளுக்கு விழுந்தால் ரகசியம் எங்கே இருக்கிறது? குஜராத்தின் கிர் காட்டில் ஒரே ஒரு சாமியாருக்காகச் சாவடி போட்டார்களே, அங்கேயும் இதே கதைதான். பக்கத்து ஊர் ஓட்டோடு கலந்து எண்ணினால் தப்பில்லை.

10:40 தேவி அக்கா: நியாயமான கேள்வி பெரியப்பா. இந்த ஜனவரியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வின்போது ஆறும் நிக்கி ஹேலிக்கு. 2020இல் ஐந்தும் பைடனுக்கு. யார் யாருக்குப் போட்டார்கள் என்று உலகத்துக்கே தெரியும். 2016 வேறு மாதிரி: ஹிலரிக்கு 4, டிரம்புக்கு 2, மூன்றாம் கட்சி ஜான்சனுக்கு 1. போட்டியிலேயே இல்லாத ராம்னிக்கு ஒன்று!

10:40 பெரியப்பா: செல்லாத ஓட்டு.

10:41 தேவி அக்கா: இங்கே பெயரைக் கையால் எழுதிப் போடலாம். எண்ணுவார்கள்.

10:41 பெரியப்பா: 😳

10:44 தேவி அக்கா: வந்துவிட்டது!! டிரம்ப் 3, ஹாரிஸ் 3.

10:44 சித்தி: சமமா? காசு சுண்டிப் போடுவார்களா?

10:46 தேவி அக்கா: மாநிலக் கணக்கில் சேர்ந்துவிடும் அம்மா. 2012இலும் ஒபாமா 5, ராம்னி 5. ஆறு ஓட்டில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். 2016இல் இந்த மாநிலம் முழுவதுக்கும் வித்தியாசமே 2,736தான்.

10:47 நான்: அந்த ஊர் எந்தக் கட்சிப் பக்கம்?

10:49 தேவி அக்கா: ரொம்ப காலம் குடியரசுக் கட்சிதான். 1968க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அங்கே ஜெயித்ததே 2008இல்தான், ஒபாமாவுக்கு 15, மெக்கெய்னுக்கு 6. இங்கே பதியும்போதே கட்சியைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இந்த ஆறில் நான்கு பேர் குடியரசுக் கட்சி, இரண்டு பேர் எதுவும் சொல்லாதவர்கள்.

10:52 பெரியப்பா: பொறு. குடியரசுக் கட்சிக்காரர் நான்கு பேர், அவர்கள் வேட்பாளர் டிரம்புக்கு விழுந்தது மூன்று. அப்படியானால் நான்கில் ஒருவராவது தாண்டியிருக்கிறார்.

10:52 நான்: 👏👏

10:53 தேவி அக்கா: ஆனால் அது யார் என்று சொல்ல முடியாது பெரியப்பா. ஆறுக்குப் பூஜ்யம் வந்தால்தான் மாட்டிக்கொள்வார்கள். மூன்றுக்கு மூன்றில் எல்லோரும் தப்பித்தார்கள்.

10:54 சித்தி: நீ யாருக்கடி போடுகிறாய்?

10:55 தேவி அக்கா: கிரீன் கார்டே வரவில்லை அம்மா. ஓட்டு இல்லாத நான்தான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை எட்டு மணிக்கே தூங்கியாகிவிட்டது.

10:57 பெரியப்பா: நம் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. நான்கு ஓட்டு, நான்கும் ஒரே சின்னம். ஒளிக்க என்ன இருக்கிறது?

10:58 பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

10:58 பெரியப்பா: என்ன அனுப்பி அழித்தாய்?

10:59 சித்தி: நான் படித்துவிட்டேன் அக்கா 🤭

10:59 பெரியம்மா: அடுப்பில் பால் வைத்திருக்கிறேன்.